காப்பாற்றாமல் வெளியேறுகிறீர்களா?

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் அது பொய், நீங்கள் நலமா என்று கேட்காமல் விட்டால் அது மரியாதை இல்லை. அதனால் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் கேட்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, விடுதிப் பெண்கள் நேரத்துக்கு வந்து சேர்கிறார்களா, புது கேட் மாட்டிவிட்டார்களா? இது போனில் சொல்லவேண்டிய விஷயம்தான். ஆனால் போனில் நீங்கள் கேள்வி கேட்பீர்கள், நான் பதில் சொல்வேன், என் பதில் முடிவதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கும். இருபது வருஷமாகப் பெண்கள் விடுதி வாசலில் நின்று எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டுப் பழகிய வாய், அதை நான் குறை சொல்லவில்லை. இந்த விஷயத்தை யாரும் குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் நான் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். நான் ஐந்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பிழையை விட்டுவிட்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நீங்கள் போன மாதம் அனுப்பிய விளையாட்டு மெஷினை, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்து, இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். இனி அதைக் கையால் தொட மாட்டேன். யாராவது சின்னக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்து விடுதியில் வைக்காதீர்கள், பெரியவளுக்கே தாங்கவில்லை.

நீங்கள் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினீர்கள். கூட வைத்திருந்த சீட்டில், "வேலை விட்டு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காராதே, இதைப் பார், மனசு ஆறும்" என்று எழுதியிருந்தீர்கள். அட்டைப்பெட்டியின் மேல் ஒரு மஞ்சள் வாத்துக்குட்டி தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தது. 'வாத்துக்குட்டியின் இன்ப ஊர்' என்று பெரிதாகவும், 'மூன்று வயது முதல், குடும்பத்தோடு மகிழ' என்று சிறிதாகவும் போட்டிருந்தது. குடும்பம் என்று பார்த்தால் இப்போது இந்த வீட்டில் நான் ஒருத்திதான், மூன்று வயதும் எப்போதோ தாண்டிவிட்டது, சரி என்று பிரித்தேன். எங்கள் கட்டடத்தில் மேல் மாடியில் ஒரு பெண் இருக்கிறாள், பல் டாக்டரிடம் முன்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள், அதனால் கட்டடம் முழுக்க அவளுக்கு டோக்கன் என்றே பெயர். அவள்தான் வந்து மெஷினில் தமிழ் போட்டுக் கொடுத்தாள். தமிழ் இருக்கிறது ஆன்ட்டி, ஆனால் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும் என்றாள். அந்த ஒரு மாதிரி எந்த மாதிரி என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

முதலில் 'பாரம் ஏற்றுகிறது, பொறுக்கவும்' என்று வந்தது. இன்னும் என் மேல் என்ன பாரம் ஏற்றப் போகிறார்களோ என்று மெஷினைக் கையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன், கனம் கூடினால் கீழே போட்டுவிடுவேன் என்று. கனம் கூடவில்லை. பிறகு 'நீங்கள் யார்?' என்று கேட்டது. வீட்டுக்குள் யாராவது யார் என்று கேட்டால் நாம் என்ன சொல்வோமோ அதைத்தான் நானும் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி 'நான்' என்று அமுக்கினேன். அது அதையே என் பெயர் என்று எடுத்துக்கொண்டது. அன்று முதல் அந்த ஊரில் அந்த வாத்துக்குட்டியின் பெயர் நான். ஆட்டுத் தபால்காரர் "நான் வந்துவிட்டாள், எல்லோரும் வாருங்கள்" என்று ஊரைக் கூப்பிடுகிறார். ஒரு முயல் என்னைப் பார்த்த நேரமெல்லாம் "நான் மிகவும் நல்லவள், நான் மிகவும் அழகு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. என்ன தலைக்கனம் பிடித்த முயல் இது என்று இரண்டு நாள் அதனோடு பேசாமல் இருந்தேன். மூன்றாவது நாள்தான் தெரிந்தது, பாவம், அது என்னைத்தான் சொல்கிறது என்று.

ஊரில் இருக்கிற செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினேன், பெருக்கினேன், தபால்காரர் தொலைத்த தபாலை எல்லாம் தேடிக் கொடுத்தேன். எல்லாம் முடித்தால், 'வாழ்த்துகள், நீங்கள் மட்டம் இரண்டு' என்றது. மறுநாள் இன்னும் இரண்டு மடங்கு வேலை செய்தேன், 'நீங்கள் மட்டம் மூன்று' என்றது. செய்யச் செய்ய மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் சலவைக் கூடத்து மேஸ்திரி வாய்க்குப் பேர் போனவர், அவர்கூட என்னை முகத்துக்கு நேரே மட்டம் என்று சொன்னதில்லை.

இதெல்லாம் பரவாயில்லை. உள்ளே நடப்பதைக் கேளுங்கள். நான்காவது நாள் காலைச் சாப்பாட்டுக்கு வாத்துக்குட்டி ஒரு கூடையை எடுத்துக்கொண்டு போய் வைக்கோலுக்குள்ளிருந்து மூன்று முட்டை எடுத்தது. அடைகாக்கப் போகிறது, நல்ல பிள்ளை என்று நினைத்தேன். அடுப்பில் வாணலியை வைத்து உடைத்து ஊற்றியது. வாத்து, அக்கா. வாத்து முட்டையை உடைத்து ஊற்றியது, சிரித்துக்கொண்டே உப்புப் போட்டது, பின்னால் டிங்கு டிங்கு என்று பாட்டு. நான் அடுப்பை அணை, அடுப்பை அணை என்று கத்தியதில் டோக்கன் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்து என் வீட்டு அடுப்பை அணைத்தாள், அதில் என் டீ கெட்டுப்போனது. விஷயத்தைச் சொன்னால், அது கோழி முட்டையாக இருக்கும் ஆன்ட்டி என்கிறாள். அந்த ஊரில் ரொட்டிக்கடை வைத்திருப்பதே கோழிதான். தினமும் காலையில் எனக்கு வணக்கம் சொல்கிறாள். அவள் முட்டை என்றால் இன்னும் மோசம் இல்லையா? பள்ளிக்கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் நின்று பாடம் நடத்துவது ஒரு மீன். காலையில் அந்த மீன் டீச்சரிடம் எழுத்துப் படித்துவிட்டு மத்தியானம் அதே வாத்துக்குட்டி தூண்டிலோடு ஆற்றுக்குப் போகிறது. மூன்று வயசுப் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு எப்படிச் சாப்பிட உட்காருகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது கரடிக்குட்டி விஷயம். ரயில் நிலையத்தில் ஒரு கரடிக்குட்டி சின்னப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறது. "என் அம்மாவைப் பார்த்தாயா, நான்?" என்று கேட்டது. நான் பார்க்கவில்லை. தேடிக் கண்டுபிடி என்றது மெஷின். நான்கு நாள் தேடினேன் அக்கா. சலவைக் கூடத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, தோட்டம், கடைத்தெரு, ஆற்றங்கரை என்று ஒவ்வோர் இடமாகப் போய்க் கேட்டேன். கடைசியில் கம்பளக் கடைக்குள் போனேன். தரையில் விரித்திருந்தது. நான்கு காலும் நான்கு பக்கம், வாய் திறந்தபடி, கண்ணுக்கு இரண்டு பொத்தான். நட்சத்திரம் நட்சத்திரமாகக் கொட்டி, 'அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், வாழ்த்துகள், பத்து நட்சத்திரம்' என்று வந்தது. டிங்கு டிங்கு. நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அதோடு விட்டதா, கீழே ஒரு கேள்வி: 'கரடிக்குட்டியிடம் சொல்லவா? ஆம், இல்லை.' எந்த வாயால் சொல்வது? இல்லை என்று அமுக்கினேன். குட்டி இன்னும் ரயில் நிலையத்தில்தான் இருக்கிறது. தினமும் ஒரு ரொட்டி கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அம்மா வழியில் இருக்கிறாள் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் சலவைக் கூடத்துக்கு எந்த ஹோட்டலிலிருந்தோ ஒரு பழுப்பு ரோமக் கம்பளம் வந்தது. அதை நீராவிக்குக் கொடுக்க வேண்டியவள் நான். பின்வாங்கிப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். நான் நின்ற நேரத்தில், துணி தேய்க்கிற அழுத்தி மெஷின் மேலே வராமல் அப்படியே ஒரு மேஜை விரிப்பின் மேல் உட்கார்ந்துவிட்டது, புகை வந்த பிறகுதான் பார்த்தோம். மேஸ்திரி ஓடி வந்து என்ன ஆச்சு உனக்கு என்றார். அது யாரோட அம்மாவோ தெரியலையே என்றேன். அவர் கம்பளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அந்த மனிதர் யாருக்கும் ஸ்டூல் போட்டு நான் பார்த்ததில்லை. அன்று முழுக்க என்னை மடிப்பில் போட்டார்கள். பெரிய படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனை பிடித்து மடிப்போம். நான்கு தடவை கிட்டே வருவோம், நான்கு தடவை விலகுவோம், அதனால் எங்கள் பேச்சும் நான்கு துண்டாகத்தான் வரும். முதல் தடவை கிட்டே வந்ததும் என் ஜோடிக்காரி, யார் செத்தது என்று கேட்டாள். கரடி என்றேன். இரண்டாவது தடவை, உனக்கு எப்படித் தெரியும் என்றாள். நான்தான் கண்டுபிடித்தேன், பத்து நட்சத்திரம் கொடுத்தார்கள் என்றேன். மூன்றாவது தடவை என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான்காவது தடவை என் கையிலிருந்து முனையை வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"உன் நாத்தனார வந்து பத்து நாள் கூட இருக்கச் சொல்லுடி."

"அவங்க வந்தா கேள்வி கேப்பாங்க."

"கேட்டா பதில் சொல்லு. வாயில என்ன வச்சிருக்க?"

வாயில் என்ன வைத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுங்கள், அங்கேதான் வருகிறேன்.

அதற்கு முன்னால் இன்னொன்று. மெஷினை மேஜையில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அது தானாகவே மங்கிப்போய், நடுவில் ஒரே ஒரு வரி: 'இன்னும் இருக்கிறீர்களா?' ஒரு பொம்பளையைப் பார்த்து, அதுவும் புருஷன் போய் மூன்று மாசம் ஆகாதவளைப் பார்த்து, இன்னும் இருக்கிறாயா என்று கேட்பது எந்த ஊர் நாகரிகம்? கைப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற சாமான் கேட்கிற கேள்வியா இது? இருக்கேன், இப்ப என்ன அதுக்கு என்று வாய் விட்டே சொன்னேன். சொன்ன பிறகு உங்கள் தம்பி ஞாபகம் வந்தது. லிப்ட் ரிப்பேர் வேலை இல்லையா, லிப்டில் யாராவது மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தால் அவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார், உங்களுக்குத் தெரியும். போனதும் முதலில் கதவைத் திறக்க மாட்டார். கதவில் வாயை வைத்து, "உள்ள இருக்கீங்களா? நான் வந்துட்டேன்" என்று சொல்வார். அதைக் கேட்டாலே உள்ளே இருப்பவர்களுக்குப் பாதி உயிர் வந்துவிடும், மீதிப் பாதிக்குத்தான் சாவி வேண்டும் என்பார். அந்த மெஷினை அன்று நான் அணைக்கவில்லை, அது கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது காவலர். அந்த ஊரின் கோடியில் ஒரு தூக்குப்பாலம் இருக்கிறது, படகு வந்தால் அதை ஏற்றி இறக்குவது ஒரு வயசான கொக்கின் வேலை. நீலச் சட்டை, இடுப்பில் சாவிக் கொத்து, எந்நேரமும் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். கொக்கு என்று எழுத எனக்கு வரவில்லை, காவலர் என்றே எழுதுகிறேன். அந்த ஊரில் என்னிடம் வேலை வாங்காத ஒரே ஆள் அவர்தான். நான் போனால், "நான் வந்தாயா, உட்கார்" என்பார், அவ்வளவுதான். பாலத்தில் நாங்கள் இரண்டு பேரும் சும்மா இருப்போம். இதை நான் டோக்கனிடம்கூடச் சொல்லவில்லை. நடுவில் அவருக்கு இருமல் வந்தது. 'லொக்' என்று மேலே எழுத்து வரும். ஒரு நாள் ஒரு லொக், மறுநாள் இரண்டு. எனக்கு அந்த வரிசை தெரியும் அக்கா, ஆஸ்பத்திரியில் எண்ணியிருக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. ஒவ்வொரு நாளும் விளையாட்டை மூடும்போது மெஷின் 'காப்பாற்றவா?' என்று கேட்கும். நான் ஒரு நாள்கூட மறக்காமல் 'ஆம்' என்று அமுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஊரில் ஒருவர் விடாமல் எல்லோரையும் தினம் தினம் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

போன வாரம் மெஷினைத் திறந்தால், 'காவலருக்கு முடியவில்லை. என்ன செய்வீர்கள்?' என்று வந்தது. கீழே இரண்டு வரி. எழுத்துக் கூட்டிப் படிப்பவள் அவசரத்தில் இரண்டையும் படிக்க முடியுமா? முதல் வரியில் 'மலைக்குப் போய் நீலப் பூ கொண்டு வா' என்று இருந்தது, அதை அமுக்கிவிட்டு ஓடினேன். வழியில் முயல் கூப்பிட்டது, நிற்கவில்லை. தபால்காரர் கூப்பிட்டார், நிற்கவில்லை. மலையில் ஏறி, இரண்டு தடவை வழுக்கி விழுந்து, பூவைப் பறித்துக்கொண்டு வந்து பார்த்தால் நாற்காலி மட்டும் இருக்கிறது. நாற்காலி மேல் தொப்பி. டிங்கு டிங்கு. எழுத்து ஒன்று ஒன்றாக வந்தது. 'காவலர் போய்விட்டார். கடைசியாக அவர் கேட்டது: நான் எங்கே?' அடுத்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'நான் அப்போது அங்கே இல்லை.'

அந்த மெஷினுக்கு அது என் பெயர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன பிரயோஜனம்? என் வாயில் இருந்ததை என் கையில் இருந்த மெஷின் சொல்லிவிட்டது. மூடிவிடலாம் என்று பொத்தானைத் தேடி அமுக்கினால், சிவப்பு எழுத்தில், 'காப்பாற்றாமல் வெளியேறுகிறீர்களா? ஆம், இல்லை' என்று கேட்டது. அப்படியே கொண்டுபோய் அழுக்குத்துணிக் கூடைக்குள் போட்டு மேலே இரண்டு போர்வையைப் போட்டு மூடினேன். உள்ளிருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டு நாள் நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் உங்களிடம் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். நேராகக் கேட்டால் நான் மழுப்புவேன் என்று, கேட்பதற்காகவே நீங்கள் இந்த மெஷினை அனுப்பினீர்கள் என்று நினைத்தேன். விடுதியில் எத்தனை பெண்களிடம் எத்தனை விதமாக விசாரித்திருப்பீர்கள், இதுவும் ஒரு விதம் என்று நினைத்தேன். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு இருப்பவளுக்கு வாத்துக்குட்டிகூட போலீஸ் மாதிரிதான் தெரியும்.

அக்கா, அவரைக் கொண்டுபோன அன்று, வீடு முழுக்க ஆட்கள் இருக்கும்போது, நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

"கடைசில யாரு பக்கத்துல இருந்தா?"

நான், "நான்" என்று சொன்னேன். அது பொய்.

நான் பக்கத்தில் இல்லை. ஃபிளாஸ்க் மூடியைக் கீழ்த் தளத்தில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று எழுந்தேன். உங்கள் தம்பி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன், தூங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அந்த லிப்டைத்தான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். "அந்த லிப்ட்ல ஏறாத, கயிறு சத்தம் சரியில்ல, படியில போ" என்றார். படியில் போனேன். நான்கு மாடி இறங்கி, நான்கு மாடி ஏறினேன். மூடி கிடைத்தது. மேலே வந்தபோது திரையை இழுத்து விட்டிருந்தார்கள், நர்ஸ் எங்கம்மா போனீங்க என்றாள். அந்த லிப்ட் அன்று முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கட்டிலை அதில்தான் இறக்கினார்கள், நான் பக்கத்தில் நின்று கயிற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன், நன்றாகத்தான் இருந்தது. அந்த மூடி இப்போதும் ஃபிளாஸ்க்கில் சரியாக உட்காருவதில்லை. அவரை எடுத்து வளர்த்தவர் நீங்கள். ரயில் தாமதமாகி, உயிர் இருக்கும்போது வந்து சேர முடியாமல் போனவர், அவர் தனியாக இல்லை என்ற ஒரே ஆறுதலோடு திரும்பிப் போனவர். அந்த ஆறுதலை நான்தான் கொடுத்தேன், இப்போது நானே பிடுங்குகிறேன். இனி என்னோடு பேச வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் அது நியாயம்தான்.

மூன்றாவது நாள் டோக்கன் வந்து, என்ன ஆன்ட்டி, கூடை பாடுகிறது என்று கேட்டாள். வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். தினமும் காப்பாற்றினேனே, முந்தின நாள்கூடக் காப்பாற்றினேனே, பிறகு எப்படிப் போனார் என்று அவளிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"ஆன்ட்டி, இது அந்தக் காப்பாத்தறது இல்ல. நீங்க எதுவரைக்கும் வந்தீங்களோ அத அப்படியே பத்திரமா எடுத்து வச்சுக்கறது. உயிர எல்லாம் இது ஒண்ணும் பண்ணாது. தமிழ்ல தப்பாப் போட்டுட்டாங்க."

"அப்ப அவரு?"

"அவரு எப்படியும் போயிடுவாரு ஆன்ட்டி. நீங்க பூ கொண்டு வந்தாலும் போவாரு, வராட்டாலும் போவாரு. கதையே அப்படித்தான். நான்கூட விளையாடி அழுதிருக்கேன்."

அப்படியானால் என்னை எதற்கு மலைக்கு அனுப்பினார்கள் என்று கேட்டேன். ரெண்டாவதா ஒண்ணு இருந்திருக்குமே, பக்கத்துல உட்கார்னு, பாக்கலையா என்றாள். வேண்டுமானால் பழைய இடத்துக்கே திரும்பிப் போகலாம், அதற்குத்தான் எடுத்து வைப்பது, 'பழைய பாரம் ஏற்றவா' என்று கேட்கும், ஆம் என்று அமுக்கினால் போதும் என்றாள். பழைய பாரத்தை இறக்கவே வழி தெரியாமல் இருக்கிறேன், திருப்பி ஏற்றிக்கொள்வார்களா யாராவது? வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டு, மெஷினைத் துடைத்து, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எனக்கு இன்னொரு தடவை அந்த நாற்காலியைப் பார்க்கத் தெம்பு இல்லை. கோபம் ஒன்றும் இல்லை, உங்கள் பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள், உள்ளே சாவு இருக்கிறது, சிரித்த முகத்தோடு இருக்கிறது என்று.

உங்கள் முழங்காலுக்கு நல்ல காலம் பிறக்கட்டும். விடுதிப் பெண்கள் சொன்ன நேரத்துக்கு வந்து உங்கள் தொண்டையைக் காப்பாற்றட்டும், அந்தக் காப்பாற்று சரியான காப்பாற்றுதான். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள், என் மேல் கோபமாக இருந்தால் என் பெயரைச் சொல்லாமல் அன்பை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவியாக இன்னும் இருக்கிற,
நான்.

பின்குறிப்பு: பார்சல் கட்ட நூல் தேடிக்கொண்டிருக்கும்போது, கரடிக்குட்டிக்கு நான்கு நாளாக ரொட்டி கொடுக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. ரொட்டியை மட்டும் கொடுத்துவிட்டுக் கட்டிவிடலாம் என்றுதான் எடுத்தேன். திறந்ததும் 'பழைய பாரம் ஏற்றவா?' என்று கேட்டது. அமுக்கியது நானா என் விரலா தெரியவில்லை. காவலர் நாற்காலியில் இருந்தார், தலையில் தொப்பி இருந்தது. இந்தத் தடவை அவசரப்படாமல் எழுத்துக் கூட்டி இரண்டாவது வரியையும் படித்தேன். 'பக்கத்தில் உட்கார்.' உட்கார்ந்தேன். வாத்துக்குட்டிக்குக் கால் தரைக்கு எட்டவில்லை. பாட்டு நின்றுவிட்டது, இத்தனை நாளில் அன்றுதான் அது வாயை மூடியது. சங்கிலிக்கு எண்ணெய் போட மறக்காதே என்றார். மறக்க மாட்டேன் என்றேன், அதற்குப் பொத்தான் இல்லை, வாயால்தான் சொன்னேன். பிறகு போய்விட்டார். டோக்கன் சொன்ன மாதிரியே, உட்கார்ந்தாலும் போனார். எழுத்து வந்தது: 'கடைசி வரை பக்கத்தில் இருந்தது: நான்.' கொஞ்ச நேரம் கழித்து, 'வாழ்த்துகள், நீங்கள் மட்டம் ஆறு' என்றது. ஐந்து வரைக்கும் கோபம் வந்தது. ஆறு என்றபோது வரவில்லை.

அதனால் மேலே மெஷினைத் திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிற இடத்தையும், இனி தொட மாட்டேன் என்கிற இடத்தையும், இனி பேச வேண்டாம் என்றால் நியாயம்தான் என்கிற இடத்தையும் அடித்துவிட்டுப் படியுங்கள். பொய் சொன்னேன் என்கிற இடத்தை அடிக்க வேண்டாம், அது இருக்கட்டும். பார்சலில் அட்டைப்பெட்டி மட்டும்தான் இருக்கிறது. லேசாக இருந்தால் தபால் ஆபீசில் சந்தேகப்படுவார்கள் என்று, உங்கள் தம்பி லிப்ட் கதவைத் திறக்கிற மூன்று மூலைச் சாவியை உள்ளே வைத்திருக்கிறேன். அது உங்களுக்குத்தான். நேரில் வந்து, கேட்க வேண்டியதை எல்லாம் கேளுங்கள். மெஷினில் இரண்டு பேரும் விளையாடலாம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, பாருங்கள். கரடிக்குட்டியிடம் எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. எங்கள் கட்டடத்து லிப்டில் தைரியமாக ஏறுங்கள், கயிறு சத்தம் நன்றாக இருக்கிறது, முழங்காலை வைத்துக்கொண்டு படியில் வராதீர்கள். கதவைத் தட்டினால் யார் என்று கேட்பேன். 'நான்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அது இப்போது என் பெயர்.